சூரியன் ஒளியை விலக்குவதில்லை

போன மாதம் கொடுமுடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கூட்டம். திரையில் இப்படி ஒரு வரி: ‘சூரியனின் புவியீர்ப்பு விசையால் ஏற்படும் ஒளிவிலகல்’. இந்த வருடத்தில் மட்டும் இதே வரியை மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். அரை வரிக்குள் இரண்டு பிழை.

முதல் பிழையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புவி என்றால் பூமி. புவியீர்ப்பு பூமிக்கு மட்டும்தான் உண்டு. சூரியனுக்கு இருப்பது ஈர்ப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தறிக்காரர் ஒருவர், “சூரியனுக்குள்ள ஏதுங்க புவி?” என்று காதோடு கேட்டார். அவருக்கு உறைத்தது மொழிபெயர்த்தவருக்கு உறைக்கவில்லை.

இரண்டாவதுதான் தொல்லை. பேச்சு முடிந்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, “சார், அப்படீன்னா வெளிச்சத்தைச் சூரியன் தள்ளி உடுதுங்களா?” என்றது. பேச்சாளர் கொஞ்சம் யோசித்து, “ஒரு வகையில் அப்படித்தான்” என்றார். எந்த வகையிலும் அப்படி இல்லை. தூரத்து விண்மீனிலிருந்து வரும் ஒளி சூரியனை ஒட்டிப் போகும்போது சூரியன் பக்கமாகத்தான் சாய்கிறது. பிள்ளையின் மேல் குற்றமே இல்லை. ‘விலகல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன பொருளோ அதைத்தான் அது புரிந்துகொண்டது.

விலகு என்றால் ஒன்றை விட்டு அகல்வது. பேருந்தில் “கொஞ்சம் விலகுங்க” என்றால் யாரும் நம் மேல் வந்து சாய்வதில்லை. விலக்கு, விலக்கம், விலகல் எல்லாம் அதன் பிள்ளைகள். வளை என்பது நேராக இருந்தது கோணுவது. வளையல், வளையம், வளைவு எல்லாம் அதிலிருந்து வந்தவை. சொல்லின் வேர் பற்றி இதற்கு மேல் தேவையில்லை.

ரிஃப்ராக்ஷனுக்கு நம் பாடநூல்கள் ‘ஒளிவிலகல்’ என்று வைத்து ஊன்றிவிட்டன. காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஒளிக்கதிர் திசை மாறுவது அது. அதிலேயே எனக்கு ஒரு நெருடல் உண்டு: கதிர் ‘செங்குத்துக்கோட்டை நோக்கி விலகும்’ என்று படித்தோமே, நோக்கி எப்படி விலகுவது? ஈழத்துப் பாடநூல்களில் ஒளிமுறிவு என்கிறார்கள். தண்ணீர்ச் சொம்பில் போட்ட குச்சி முறிந்த மாதிரித்தானே தெரிகிறது? அங்கே பிறந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன். ஆனால் இங்கே ஒளிவிலகல் நிலைத்துப்போன சொல். நிலைத்த சொல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை. அதை இன்னொரு நிகழ்வின் தலையிலும் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் இருக்கிறது. காந்த ஊசி திரும்புவதை விலக்கம் என்கிறோம். டிஃப்ளெக்ஷனுக்கு அதுதானே சொல் என்பார்கள். இன்னும் விவரம் தெரிந்தவர்கள், ஐன்ஸ்டைனே 1911-இல் பிராகில் இருந்தபோது எழுதிய கட்டுரையில் இதை ரிஃப்ராக்ஷன் போலத்தானே கணக்கிட்டார் என்று கேட்பார்கள். உண்மைதான். ஈர்ப்பு மிகுந்த இடத்தில் ஒளியின் வேகம் குறைவதாக வைத்து, ஒளியை அலையாகக் கொள்ளும் ஹைகன்ஸின் அலைமுகப்பு விதியைக் கொண்டு கணக்குப் போட்டார். சூரியனின் விளிம்பை உரசிப் போகும் கதிருக்கு 0.83 வில்விநாடி என்று வந்தது (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி). நியூட்டனின் வழியில் போய் 1801-லேயே ஜெர்மன் வானியலாளர் ஸோல்ட்னர் கண்டதும் ஏறக்குறைய அதே அளவுதான்.

ஆனால் அது பாதிக் கணக்கு. 1915 நவம்பரில் ஈர்ப்பைப் பற்றிய தன் பொதுச் சார்பியல் கொள்கையை முடித்தபோது ஐன்ஸ்டைனுக்கே விடை இரட்டித்தது, இன்று 1.75 வில்விநாடி என்கிறோம். ஒரு ரூபாய்க் காசை இரண்டரை கிலோமீட்டருக்கு அப்பால் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவு. 1911-இல் விடுபட்ட அந்த மறுபாதி எங்கிருந்து வந்தது? வெளி என்பதே வளைந்திருப்பதால் வந்தது. ‘காலவெளி வளைவு’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம், ஒளிக்கும் வளைவு என்றால் குழம்புமே என்று ஒரு நண்பர் மடக்கினார். குழம்பாது. அது வளைந்திருப்பதால் இது வளைகிறது. இரண்டு சொல்லும் உறவாக இருப்பது நல்லதுதான்.

காலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். பவானி ஆற்றில் பிரிந்து கொடுமுடிப் பக்கம் வரை பாம்பாக நெளிந்து வருகிறது. அந்தந்த இடத்தில் தரை எப்படியோ அப்படிப் போகிறது தண்ணீர். வாய்க்கால் வளைகிறது என்கிறோம், விலகுகிறது என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. உவமை முழுக்கப் பொருந்தாது, தெரியும். காலவெளி வளைவுக்கு வழக்கமாகச் சொல்லும் ரப்பர் விரிப்பும் இரும்புக் குண்டும் மட்டும் முழுக்கப் பொருந்துகிறதா என்ன?

இன்னொன்று. ஒளிவிலகலில் நிறத்துக்கு நிறம் கோணம் மாறும். அதனால்தான் முப்பட்டகத்தில் நிறப்பிரிகை. ஈர்ப்புக்குச் சிவப்பும் ஒன்றுதான், நீலமும் ஒன்றுதான். எல்லாம் ஒரே அளவு வளையும். ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்துவிட்டு இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

இதை விடவும் பெரிய சிக்கல் 1919-இல் இருக்கிறது. இந்த வளைவை அளக்க, முழுக் கிரகணத்தின்போது சூரியனருகே தெரியும் விண்மீன்களைப் படமெடுக்க வேண்டும். 1912-இல் பிரேசிலில் அதை மழை கெடுத்தது. 1914-இல் கிரிமியாவுக்குப் போன ஜெர்மன் வானியலாளர் ஃபிராய்ண்ட்லிஷின் குழுவைப் போர் கெடுத்தது. 1919 மே 29 கிரகணத்தில்தான் ஆப்பிரிக்காவை ஒட்டிய பிரின்சிப்பி தீவிலிருந்து ஆங்கிலேய வானியலாளர் எடிங்டனும், பிரேசிலின் சோப்ராலிலிருந்து குரோம்லின், டேவிட்சன் இருவரும் படமெடுத்து வந்தார்கள். பிரின்சிப்பியில் 1.61, சோப்ராலில் 1.98 வில்விநாடி. நவம்பர் 6-இல் லண்டனில் முடிவை அறிவித்தபோது எழுந்த கேள்வி என்ன தெரியுமா? இது சூரியனைச் சுற்றியுள்ள வளிமண்டலத்தால் வரும் ஒளிவிலகலாக இருக்கக் கூடாதா என்பது. அந்த விவாதத்தைத் திரையில் இருந்த தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘இந்த ஒளிவிலகல் உண்மையில் ஒளிவிலகல்தானா?’

வேடிக்கை என்னவென்றால், விலகலுக்கு இந்தக் கதையில் முறையான இடம் ஒன்று உண்டு. கதிர் சூரியன் பக்கம் வளைவதால், விண்மீன் தன் இடத்திலிருந்து சூரியனை விட்டு அப்பால் நகர்ந்த மாதிரித் தெரியும். விலகுவது விண்மீனின் தோற்றம். ஆகவே என் பரிந்துரை: நிகழ்வுக்கு ‘ஈர்ப்பு ஒளிவளைவு’, படத்தட்டில் அளப்பதற்கு ‘தோற்ற இடவிலகல்’.

தனித்தமிழ் அன்பர் ஒருவர் ‘ஒளிக்கோட்டம்’ என்றார். கோட்டம் வளைவுதான், பழஞ்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்குக் கோட்டம் என்றால் மின்வாரிய அலுவலகம்தான் நினைவுக்கு வரும். பழமைக்காகத் தெளிவைக் கொடுக்க நான் தயாராக இல்லை.

பழனிக்கு மேலே கொடைக்கானல் வானாய்வகத்தில் உட்கார்ந்து, சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகளில் ஐன்ஸ்டைன் சொன்னபடி ஈர்ப்பால் சிவப்புப் பக்கம் நகரும் பெயர்ச்சி உண்டா என்று ஆங்கிலேய வானியலாளர் எவர்ஷெட் தேடியதும் அந்த 1919-ஐ ஒட்டிய காலத்தில்தான். 1922-இல் ஆஸ்திரேலியாவின் வாலலுக்கே கிரகணம் பார்க்கப் போனார், கருவிகள் கைகொடுக்கவில்லை. நம் மலையிலிருந்து இவ்வளவு நடந்திருக்கிறது. நாம் இன்னும் ஆங்கில வரியை இயந்திரத்தில் போட்டு, வருவதைப் படித்துக்கூடப் பார்க்காமல் திரையில் ஏற்றுகிறோம்.

கூட்டம் முடிந்து பேச்சாளரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனிதர். “மாத்திடறனுங்ணா” என்றார். அடுத்த கூட்டத்துக்கான அழைப்பிதழ் நேற்று வந்தது. தலைப்பு: ‘சூரியனின் ஈர்ப்பு விசையால் ஏற்படும் ஒளிவிலகல் வளைவு’. புவி மட்டும் போயிருந்தது.