பேஸ் கூடியிருக்கிறதா, தெளிந்திருக்கிறதா? பழைய ராக் ஆல்பங்களின் மறுவெளியீடுகளைக் கேட்கும் முறை

இசைச் செயலியில் பீட்டில்ஸின் ‘கம் டுகெதர்’ பாடலைத் தேடினால் ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் வரும். ஒன்றின் பெயருக்குப் பின்னால் ‘ரீமாஸ்டர்டு 2009’ என்றிருக்கும், இன்னொன்றுக்குப் பின்னால் ‘2019 மிக்ஸ்’ என்றிருக்கும். பாட்டின் அடி ஒலியைத் தரும் பேஸ் கிட்டாரின் வாசிப்பை ரசிக்க நினைப்பவர் பாட்டை ஓடவிடும் முன்பே படிக்க வேண்டியவை இந்தச் சொற்கள். மறுவெளியீட்டுக்குப் பெரும் பணம் கொடுத்துவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று வருந்துகிற பலர் இதைப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான்.

ரீமாஸ்டர் என்றால், கலந்து முடித்த இரண்டு சேனல் டேப்பை எடுத்து அதன் ஒலியளவையும் ஈக்யூவையும் (அடி ஒலி, மேல் ஒலி ஆகியவற்றின் ஏற்ற இறக்கம்) சீர்செய்வது. அந்த டேப்பில் பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் ஏற்கெனவே ஒன்றாகிவிட்டன. 80 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள அடி ஒலியைக் கூட்டினால் பேஸ் கூடும், கூடவே காலால் அடிக்கும் கிக் டிரம்மும் டாம் டிரம்மும் பியானோவின் இடதுகையும் கூடும். ரீமிக்ஸில் அப்படியல்ல. வாத்தியங்கள் பிரிந்து கிடக்கும் மூல மல்டிட்ராக் டேப்புக்கே போய், கலவையை முதலிலிருந்து செய்கிறார்கள். சினிமாவில் பழைய பாட்டுக்குப் புது பீட் போடுவதையும் நாம் ரீமிக்ஸ் என்றுதான் சொல்கிறோம். இங்கே பேசுவது அதையல்ல. புதிதாக ஒரு சுரம்கூட இதில் வாசிக்கப்படுவதில்லை.

மெட்டாலிக்காவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ ஆல்பத்தைப் பாருங்கள். 1988-இல் வந்த அந்தக் கலவையில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் ஏறக்குறைய காதில் விழாது. 2018-இல் பெரிய மறுவெளியீடு வந்தது, ஆனால் அது ரீமாஸ்டர். கலவையிலேயே இல்லாததை ரீமாஸ்டர் கொண்டுவர முடியாது. ரஷ் குழுவின் ‘வேப்பர் டிரெய்ல்ஸ்’ இதற்கு நேர் எதிர். 2002-இல் வந்த பதிப்பில் ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் லிமிட்டரும் கம்ப்ரெஷனும் அளவு மீறி, உச்சங்கள் வெட்டுப்பட்டு, கெடி லீயின் பேஸும் நீல் பியர்ட்டின் கிக் டிரம்மும் ஒரே இரைச்சலாகிவிட்டிருந்தன. டேவிட் பாட்ரில் மறுபடி கலந்த பதிப்பு 2013-இல் வந்தபோதுதான் அவை இரண்டு பேரின் வேலையாகப் பிரிந்து கேட்டன.

நல்ல ரீமிக்ஸில் பேஸின் அளவு பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வொரு சுரமும் எந்தக் கணத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெளிகிறது. பேஸ் வாசிப்பவரின் திறமை முக்கால்வாசி அந்தத் தொடக்கத்திலும் முடிவிலும்தான் இருக்கிறது. ‘தம் தம்’ என்று நெஞ்சில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் அது கைநழுவிப் போகும்.

டேப்பிலிருந்து டேப்புக்கு இறங்கியபோது தொலைந்தவை

பீட்டில்ஸின் ‘சார்ஜெண்ட் பெப்பர்ஸ்’ (1967) நான்கு ட்ராக் (தனித்தனிப் பதிவுத் தடம்) இயந்திரத்தில் பதிவானது. நான்கும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு இயந்திரத்தின் ஒன்றிரண்டு ட்ராக்குகளில் இறக்குவார்கள். மிச்ச ட்ராக்குகள் புதிய பதிவுக்குக் காலியாகக் கிடைக்கும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் டேப்பின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் ஏறும், டிரம்ஸின் கூர்மை மழுங்கும். 2017-இல் தயாரிப்பாளர் ஜைல்ஸ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் சாம் ஓக்கலும் அந்த ஆல்பத்தை மறுபடி கலந்தபோது, இறக்குவதற்கு முந்தைய தலைமுறை டேப்புகளை எடுத்துக் கணினியில் ஒன்றோடொன்று பொருத்தினார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் பீட்டில்ஸில் பேஸ் வாசித்த பால் மெக்கார்ட்னி பல பாடல்களில் பேஸைக் கடைசியில்தான், தனி ட்ராக்கில் வாசித்தார். ஆகவே பேஸ் பழைய கலவையிலேயே ஓரளவு புதிதாக இருந்தது. மழுங்கியவை அதற்கு முன் பதிவான டிரம்ஸும் பியானோவும். ரீமிக்ஸில் பேஸ் மேலெழுந்ததுபோலத் தோன்றுவதற்குப் பாதிக் காரணம், அதைச் சுற்றியிருந்தவை துலங்கியதுதான். கிக் டிரம்மின் தொடக்கம் கூர்மையாகக் கேட்டால் அதற்கு முன்னா, பின்னா, அதன்மேலேயேவா பேஸ் விழுகிறது என்று சொல்ல முடியும். முன்பு அதைச் சொல்ல வழியில்லை.

எல்லாவற்றையும் கேட்ட பிறகு வாசித்தவர் என்பதால், மற்றவர்கள் எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்பது மெக்கார்ட்னிக்குத் தெரியும். ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலில் ரிங்கோ ஸ்டாரின் குரல் ஒரு வரியை முடித்து மூச்செடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். 1967-இன் ஸ்டீரியோவில் வாத்தியங்கள் இடம் வலம் என்று ஓரங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கும், ஏனென்றால் அன்று குழு அக்கறையோடு உட்கார்ந்து முடித்தது, எல்லாம் ஒரே சேனலில் வரும் மோனோ கலவையைத்தான். 2017 ரீமிக்ஸ் அந்த மோனோவை வழிகாட்டியாக வைத்துக்கொண்டது. பழைய மோனோ கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துக் கேட்பது நல்லது. என் கணிப்பில் பேஸுக்கும் டிரம்ஸுக்குமான பிடிப்பு மோனோவில்தான் இன்றும் இறுக்கம்.

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ (1966) இன்னும் சிக்கலானது. ‘டாக்ஸ்மேன்’ பாடலில் டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றும் ஒரே ட்ராக்கில் இருந்தன. முந்தைய டேப் என்று தேடிப் போகவும் எதுவுமில்லை. 2022 ரீமிக்ஸுக்கு, திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய மென்பொருள் அந்த ஒரே ட்ராக்கிலிருந்து வாத்தியங்களைப் பிரித்துக் கொடுத்தது. இப்படிப் பிரித்த பதிப்புகளைக் கேட்கும்போது சிம்பல் ஒலி அடங்கும் வாலையும் நீண்ட பேஸ் சுரத்தின் கடைசிப் பகுதியையும் ஹெட்ஃபோனில் கவனியுங்கள். பிரிப்பு சரியாக அமையாத இடத்தில் ஒலி நீருக்குள்ளிருந்து வருவதுபோல நெளியும். எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒலிக்கும்போது அது மறைந்துவிடும், ஓசை குறைந்த இடங்களில்தான் பிடிபடும்.

ஒரே டேப், மூன்று கலவைகள்

பேஸைக் கேட்கப் பழக ஒரே ஓர் ஆல்பம்தான் கைவசம் வேண்டும் என்றால், டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ (1972) போதும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஸ்டுடியோவைக் கொண்டு பதிவுசெய்தது. பெரும்பகுதி அங்கே ஆளில்லாமல் கிடந்த கிராண்ட் ஹோட்டலில் முடிந்தது. ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாடலின் அடித்தளப் பதிவு மட்டும் அதற்கு முன்பே பெவிலியன் அரங்கில் நடந்துவிட்டது. 25-ஆம் ஆண்டையொட்டி 1997-இல் இதை மறுபடி கலந்தவர் ரோஜர் க்ளோவர், அதாவது அதில் பேஸ் வாசித்தவரே. 2024-இல் ட்வீஸில் ஜாப்பா இன்னொரு முறை கலந்தார். மூலக் கலவையோடு சேர்த்தால் ஒரே வாசிப்புக்கு மூன்று பார்வைகள்.

‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ தொடக்கத்தில் கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டு), பிறகு ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலும் ஆர்கனும், பிறகு முழு டிரம்ஸ், கடைசியில்தான் பேஸ். அது நுழையும் கணத்தைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். க்ளோவர் பெரும்பாலும் ஜி சுரத்திலேயே தாளச் சுற்றுக்கு எட்டு அடியாகத் தட்டிக்கொண்டு நிற்கிறார். தடித்த கம்பியில் மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்), 49 ஹெர்ட்ஸ். மேலே ரிஃப் நகர்கிறது, கீழே நிலம் அசையவில்லை. ஒரே சுரத்தைத் தட்டுவதில் என்ன வித்தை இருக்கிறது என்று கேட்பவர்கள் மூன்று கலவைகளிலும் இதைக் கவனிக்கலாம்: ஒவ்வொரு அடியும் எவ்வளவு நேரம் நீள்கிறது? அடுத்த அடிக்கு முன் சிறு மௌனம் இருக்கிறதா? டிரம்மர் இயன் பெய்ஸின் கிக் விழும்போது இரண்டும் ஒன்றாகத் தொடங்குகின்றனவா? மூல எல்பி இசைத்தட்டில் ஒரே முழக்கமாக விழும் இந்த அடிகளின் முனைகள் ரீமிக்ஸில் தனித்தனியாகத் தெரிந்தால், கலந்தவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.

அடுத்துப் போக வேண்டிய இடம் யெஸ் குழுவின் ‘ஃப்ராஜைல்’ (1971). ஸ்டீவன் வில்சனின் ரீமிக்ஸ் 2015-இல் வந்தது. வில்சன் முதலில் பழைய கலவையை அப்படியே மறுபடி கட்டியெழுப்பிவிட்டு, அதன் பிறகே சிறு திருத்தங்களுக்குப் போகிறவர். அந்த ஒழுக்கம் எல்லா ரீமிக்ஸர்களுக்கும் வர வேண்டும். அக்குழுவின் கிறிஸ் ஸ்குவையர் ரிக்கன்பேக்கர் நிறுவன பேஸை, மேற்பரப்பு சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் கம்பிகளோடு, பிக் என்ற சிறு வில்லை கொண்டு வாசித்தவர். அவருடைய ஒலியின் அடையாளம் அடிச்சுரத்தைவிட 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் கேட்கும் உலோகக் கடிப்பில்தான் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் ‘தி ஃபிஷ்’ பாடலில் ரிஃப், தாளம், மெட்டு எல்லாமே வெவ்வேறு ஒலியில் அடுக்கிய பேஸ் கிட்டார்கள். எத்தனை அடுக்கு என்று எண்ண முயலுங்கள். அடுக்குகள் பிரியத் தொடங்கும்போது, பேஸ் என்பது பின்னணி முழக்கம் என்ற எண்ணமே போய்விடும்.

ஸ்குவையர் ஒலியை எல்லாரிடமும் எதிர்பார்க்கக் கூடாது. 60-களின் மெக்கார்ட்னி மேற்பரப்பு வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளில் வாசித்தார். அவை சீக்கிரம் அடங்கும், மேல் ஒலிகள் குறைவு. பதிவாகாத கடிப்பை ஈக்யூவால் வரவழைக்க முயன்றால் டேப் இரைச்சல்தான் ஏறும்.

ஒப்பிடும்போது எங்கே தவறு நேர்கிறது

பேஸின் தடித்த கம்பியை எந்த ஃப்ரெட்டிலும் அழுத்தாமல் தட்டினால் 41 ஹெர்ட்ஸ். செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் அது வராது. அதன் மேல் ஒலிகளான 82, 123 ஹெர்ட்ஸும் அரைகுறைதான். இன்னும் மேலே உள்ளவற்றை வைத்து மூளை சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. எந்த சுரம் என்பது தெரியும், எடை தெரியாது. காதை முழுவதும் மூடும், கம்பி இணைப்புள்ள ஹெட்ஃபோன் நல்லது. காதுக்குள் செருகும் வகையென்றால் ரப்பர் முனை இறுகப் பொருந்த வேண்டும், சிறு கசிவே அடி ஒலியைக் கொண்டுபோய்விடும். பேஸ் பூஸ்ட், ஈக்யூ, சரவுண்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். டால்பி அட்மாஸ் என்ற சுற்றொலி வசதி ‘தானியங்கி’ நிலையில் இருந்தால், ஸ்டீரியோ ரீமிக்ஸைக் கேட்பதாக நினைத்து வேறொரு கலவையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

பெரிய தவறு ஒலியளவில் நடக்கிறது. குறைந்த ஒலியில் நம் காதுக்கு அடி ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். அதனால் எந்தப் பதிப்பு சற்று உரக்க ஒலிக்கிறதோ அதில் பேஸ் அதிகம் இருப்பதாகத் தோன்றும், 1 டெசிபெல் வித்தியாசமே ஏமாற்றப் போதும். பாடல்களின் ஒலியளவை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் செயலியின் வசதியை (வால்யூம் நார்மலைசேஷன்) இயக்கிவைப்பது முதல் படி, ஆனால் அது போதாது. புதிய கலவையில் பேஸ் ஏறியிருந்தால், மொத்த ஒலியைச் சமன் செய்யும்போது குரல் இறங்கிவிடும். குரலைச் சமன் செய்யுங்கள். குரலும் ஒன்றிரண்டு வாத்தியங்களும் மட்டும் உள்ள அரை நிமிடத்தைத் தேர்ந்து, ஒலிமானி செயலியை ஏ-வெயிட்டிங் என்ற அளவீட்டு முறையில் வைத்து இரண்டையும் அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏ-வெயிட்டிங் 50 ஹெர்ட்ஸைச் சுமார் 30 டெசிபெல் குறைத்துக் கணக்கிடுவதால் பேஸ் அந்த அளவீட்டைக் கெடுக்காது. பேஸ் போதவில்லை என்று மொத்த ஒலியையும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். ஒலி ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும்.

ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு அறையும் ஒரு வாத்தியம். நம் வீடுகளின் பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. 10 அடி நீளம் சுமார் 56 ஹெர்ட்ஸில் அதிரும், அது பேஸின் ஏ கம்பியின் 55-க்குப் பக்கம். 12 அடி சுமார் 47 ஹெர்ட்ஸ், அது எஃப் ஷார்ப்பை ஒட்டியது. அந்த சுரங்கள் வரும்போதெல்லாம் அறை முழங்கும், ரீமிக்ஸில் பேஸைத் தாறுமாறாக ஏற்றிவிட்டார்கள் என்ற பழி கலந்தவர் மேல் விழும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் முழக்கம் அதிகம், அறையின் நட்டநடுவில் அதே சுரம் காணாமல் போகும். நாற்காலியை இரண்டடி நகர்த்தி மறுபடி கேளுங்கள். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுங்கள். ஹெட்ஃபோனில் அந்த சுரம் மற்றவற்றோடு சமமாக இருந்தால், குறை அறையினுடையது.

பேஸ் இழையைப் பின்தொடரக் காது பழகும்வரை, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள் கைகொடுக்கும். 20 வினாடிப் பகுதியை வெட்டி லூப்பில் போடுங்கள். 400 ஹெர்ட்ஸில் லோ-பாஸ் ஃபில்டர் (கீழ் ஒலிகளை மட்டும் விடும் வடிகட்டி), ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 24 டெசிபெல் சரிவு. மேலே உள்ளவை விலகி பேஸும் கிக்கும் மிஞ்சும். அந்த இழையை வாயால் முனகப் பழகிய பிறகு ஃபில்டரை எடுத்துவிட்டு, முழுப் பாட்டிலும் அதை விடாமல் தொடருங்கள். சுரம் பிடிபடவில்லை என்றால் பிட்சை 12 அரைச்சுரம் ஏற்றுங்கள், பேஸின் ஒலி சாதாரண கிட்டாரின் எல்லைக்கு வந்துவிடும். பிறகு திருப்பிச் செய்யுங்கள்: 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிட்டு, பழைய கலவையிலும் புதிய கலவையிலும் பேஸ் இன்னும் கேட்கிறதா என்று பாருங்கள். ரீமிக்ஸில் மட்டும் கேட்டால், விரலும் பிக்கும் கம்பியில் படும் ஒலி இருக்கும் பகுதியில்தான் மாற்றம் நடந்திருக்கிறது.

இன்னொரு சோதனை: ஸ்டீரியோவை இரண்டு மோனோவாகப் பிரித்து, ஒன்றின் ஒலியலையைத் தலைகீழாக்கிக் கலந்தால் நடுவில் இருப்பவை அழியும். பேஸ் காணாமல் போனால் அது நடுவில் இருந்தது. மிஞ்சினால் ஓரத்தில் வைத்திருக்கிறார்கள், அல்லது ஸ்டீரியோ எதிரொலி சேர்த்திருக்கிறார்கள். தி ஹூவின் ‘லைவ் அட் லீட்ஸ்’ பதிவில் ஜான் என்ட்விஸ்டலின் பேஸ் ஒரு பக்கமும் பீட் டவுன்ஷெண்டின் கிட்டார் எதிர்ப்பக்கமும் இருப்பதால், அதற்கு மென்பொருளே தேவையில்லை. ஹெட்ஃபோனின் ஒரு காதை எடுத்துவிட்டால் போதும்.

எல்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அடி ஒலிகள் இடம் வலமாகப் பிரிந்தால் ஊசி பள்ளத்திலிருந்து எகிறும் என்பதால், தட்டு வெட்டும்போது கீழ்ப்பகுதியை நடுவுக்குக் கொண்டுவருவார்கள். ஒரு பக்கத்தின் நீளம் கூடக் கூட ஒலியளவையும் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஒரே ரீமிக்ஸின் எல்பியும் டிஜிட்டலும் பேஸில் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று தவறு என்றாகாது. பெட்டிப் பதிப்பாக இருந்தால் பின்னட்டையில் யார் கலந்தது, எந்த ஆண்டு, பழைய கலவையும் கூடவே இருக்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். ‘ரீமாஸ்டர்டு’ என்று மட்டும் எழுதி, கலந்தவர் பெயர் ஏதும் இல்லையென்றால், பேஸுக்காக அதை வாங்க வேண்டாம்.