மெனுவைத் திறந்து பார்த்தீர்களா?

போன வாரம் மட்டும் நான்கு வீடு. நான்கிலும் கதவைத் திறந்ததும் ஒரே பேச்சு: "புது டிவிங்க, பேனல் போயிடுச்சு." மூன்று வீட்டில் பேனலுக்கு, அதாவது படம் தெரியும் திரைக்கு, ஒன்றுமே ஆகவில்லை. நான்காவது வீட்டில் நிஜமாகவே போயிருந்தது. அதைப் போக்கியது வீட்டுக்காரர்கள்தான், அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

பெங்களூரில் டிவி சர்வீஸ் செய்து இருபது வருடம் ஆகிறது. பெட்டி டிவி காலத்தில் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடுக்குப் போய் ஐ.சி. சிப் வாங்கி வந்து, வீட்டுக்காரர் காபி கொடுப்பதற்குள் பற்றவைத்து முடிப்பேன். இப்போது என் பையில் சோல்டரிங் அயர்னைவிட அதிகம் வேலை பார்ப்பது ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், படத்தையும் சத்தத்தையும் ஒரே ஒயரில் டிவிக்குக் கொண்டுபோவது. புது டிவி புகார் என்றால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான்.

மர்ஃபி டவுனில் ஒரு வீடு. பேரன் ஆன்லைனில் 55 இஞ்ச் 4கே டிவி வாங்கிக் கொடுத்திருக்கிறான். பாட்டி சோபாவின் ஓரத்தில் கோபமாக உட்கார்ந்திருந்தார். "தம்பி, மூஞ்சியெல்லாம் தண்ணியில ஊறின மாதிரி இருக்கு. பழசே தேவலை." பேரன் திருப்பி அனுப்பப் பதிவே செய்துவிட்டான். நான் டிவிக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர். பழைய டிவியில் இருந்ததைப் பிடுங்கி அப்படியே இதில் செருகியிருந்தார்கள். செட்-டாப் பாக்ஸ் எச்.டி. பாக்ஸ்தான், மாதாமாதம் எச்.டி. பேக்குக்குப் பணமும் போகிறது. பாக்ஸோடு வந்த எச்.டி.எம்.ஐ. கேபிள் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அந்த மஞ்சள் ஒயர் வழியாக எச்.டி. வரவே வராது, பாக்ஸ் என்ன பாக்ஸாக இருந்தாலும் சரி. கேபிளை மாற்றி, பாக்ஸின் செட்டிங்கில் படத்தின் உயரம் 576 புள்ளி என்று இருந்ததை 1080 ஆக்கி, சேனலையும் எச்.டி. எண்ணுக்கு மாற்றினேன். ஒரே சேனலுக்கு சாதாரண எண் ஒன்று, எச்.டி. எண் ஒன்று என்று இரண்டு இருக்கும். பலர் பழக்கத்தில் பழைய எண்ணையே அமுக்குவார்கள். ஐந்து நிமிட வேலை. பாட்டி அந்த மஞ்சள் ஒயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார், "எதுக்காவது ஆகும்" என்று.

ஆனால் இந்த வீடு என்னை எழுத வைக்கவில்லை. பேரன் கேட்ட கேள்விதான் எழுத வைத்தது: "அண்ணா, 4கே டிவின்னா எல்லாமே 4கேல தெரியணும்ல?"

தெரியாது. இதை நான் தினமும் சொல்கிறேன், ஒருவரும் நம்புவதில்லை. 4கே என்பது திரையில் எத்தனை புள்ளி இருக்கிறது என்ற கணக்கு. குறுக்கே 3840, நெடுக்கே 2160, மொத்தம் சுமார் 83 லட்சம் புள்ளி. சாதாரண சேனல் படம் அதிகபட்சம் 720க்கு 576, அதாவது நாலு லட்சத்துச் சொச்சம். வருவது நாலு லட்சம், நிரப்ப வேண்டியது 83 லட்சம். மிச்சத்தை டிவியே ஊகித்துப் போடுகிறது. ஒரு கரண்டி மாவைக் கொடுத்து இருபது தோசை ஊற்று என்றால் என்ன வரும்? பேப்பர் ரோஸ்ட்கூட வராது. பழைய 21 இஞ்ச் பெட்டியில் அதே படம் நன்றாகத் தெரிந்தது உண்மைதான். திரை சின்னது, பிசிறு கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போது அதே பிசிறை 55 இஞ்சுக்கு இழுத்து, ஆறடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள். டிவி பொய் சொல்லவில்லை. எச்.டி. சேனல்கூட 4கே கிடையாது, அதில் பாதி அகலம், பாதி உயரம்தான். அது இந்தத் திரையில் நன்றாகவே தெரியும், சண்டை வேண்டாம். 4கே வேண்டுமென்றால் படமே 4கேயில் எடுத்ததாக இருக்க வேண்டும், ஆப்பில் அதற்கான பிளான் போட்டிருக்க வேண்டும், நெட்டும் தாங்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஆப் சத்தமில்லாமல் தரத்தை இறக்கிவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மட்டும் படம் மங்குகிறது என்றால் அது பேனல் இல்லை, பக்கத்து பி.ஜி. விடுதியில் இருக்கும் நாற்பது பையன்களும் அந்நேரம் அறைக்கு வந்து நெட்டைப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

சரி, பேனலா இல்லையா என்று நீங்களே எப்படிப் பார்ப்பது? படம் கெட்டிருக்கும்போது ரிமோட்டில் மெனுவைத் திறங்கள். டிவியின் சொந்த மெனு, பாக்ஸின் மெனு அல்ல. மெனு எழுத்து பளிச்சென்று இருந்து, பின்னால் படம் மட்டும் கட்டம் கட்டமாகவோ மங்கலாகவோ இருந்தால் கோளாறு வெளியிலிருந்து வருகிறது: பாக்ஸ், கேபிள், சேனல், நெட், இல்லையென்றால் படத்துக்கான செட்டிங். கோடு மெனுவையும் வெட்டிக்கொண்டு போனால், மெனுவிலும் அதே இடம் இருட்டாக இருந்தால், டிவிதான். அரை நிமிட வேலை. இதைச் செய்துவிட்டு போன் செய்தால் எனக்கு ஒரு டிராஃபிக் மிச்சம், உங்களுக்கு விசிட் சார்ஜ் மிச்சம்.

வெள்ளைப் பொட்டு பொட்டாக மினுக்குவது, இரண்டு வினாடி கறுத்துவிட்டுத் திரும்புவது பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. கேபிள். அடுத்த போர்ட்டில் மாட்டுங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வீட்டு அம்மா, டிவியில் பேய் இருக்கிறது என்றே முடிவு கட்டியிருந்தார். வெளிச்சத்தைக் குறைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாக ஏறிக்கொள்கிறதாம். முதல் நாள் செட்டப் செய்யும்போது வீடா, கடையா என்று டிவி கேட்கும். யாரோ 'கடை'யை அமுக்கியிருக்கிறார்கள். கடையில் டிவி எப்போதும் கண்ணைப் பறிக்க வேண்டும், அதனால் வாடிக்கையாளர் எதை மாற்றினாலும் சில நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். 'வீடு' என்று மாற்றினேன், பேய் போய்விட்டது. கடையில் பார்த்து மயங்கிய அந்தக் கலர், விவிட், டைனமிக் என்ற பெயரில் உங்கள் டிவியிலும் இருக்கும். அதில்தான் ஆட்கள் எல்லாரும் ஆரஞ்சு நிறத்தில் தெரிவார்கள். சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் மோடில் ஒரு வாரம் பாருங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், அப்புறம் பழகிவிடும்.

மூன்றாவது வீட்டில் "சினிமா எல்லாம் சீரியல் மாதிரி ஓடுது" என்றார்கள். சரியாகச் சொன்னார்கள். சினிமா வினாடிக்கு 24 படம். டிவி நடுநடுவே தானாகப் படங்களை உண்டாக்கிச் செருகி வழவழவென்று ஓட்டுகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி, ஆளுக்கொரு பெயர். கிரிக்கெட்டுக்கு இருக்கட்டும், சினிமாவுக்கு அணைத்துவிடுங்கள். இரவில் படம் தானாக மங்கினால் எக்கோ (Eco), பவர் சேவிங் என்று எதாவது ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சினிமாவில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது கோளாறே இல்லை, படத்தை எடுத்ததே அந்த அகலத்தில். அதை இழுத்துத் திரையை நிரப்பிவிட்டு ஹீரோ குண்டாகிவிட்டார் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

ஓலெட் (OLED) டிவி, அதாவது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் டிவி, வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. ராத்திரி ரிமோட்டில் அணைத்த கையோடு சுவரில் சுவிட்சையும் அணைப்பது நம் வீடுகளின் பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் ஓலெட் சில மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தன் புள்ளிகளைச் சரிசெய்துகொள்ளும். கரண்டைப் பிடுங்கினால் அது நடக்காது. நாள் முழுக்க நியூஸ் சேனல் ஓடும் வீட்டில் லோகோவின் சுவடு விழும்.

நிஜமான பேனல் கோளாறு என்றால் இப்படி இருக்கும்: மேலிருந்து கீழ்வரை நகராத கோடு, பாதித் திரை வேறு நிறம், ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை போல விரிசல், எப்போதும் ஒரே இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, திரையோரம் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். உள்ளே மங்கலாகப் படம் ஓடினால் போனது பேக்லைட், திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு (ஓலெட்டுக்கு இது பொருந்தாது, அதில் பேக்லைட்டே கிடையாது). வாரண்டி இருக்கும்போது தெருமுனை ஆளை விட்டுப் பின்மூடியைக் கழற்றாதீர்கள். என்னையும் சேர்த்தேதான் சொல்கிறேன். ஸ்க்ரூ கழன்ற டிவியைக் கம்பெனி ஆள் தொடவே மாட்டார். புது டிவியின் அட்டைப்பெட்டி பிரிப்பதை முதல் டேப்பிலிருந்து திரையில் படம் வரும்வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்து வையுங்கள். உள்விரிசல் விழுந்த பேனலை வெளியிலிருந்து தடவினால் கண்ணாடி வழவழவென்றே இருக்கும், போட்டால்தான் தெரியும். வீடியோ இல்லையென்றால் நீங்கள்தான் இடித்தீர்கள் என்பார்கள். பில்லும் வீடியோவும் இருந்தும் கடை கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இப்போது அந்த நான்காவது வீடு, விவேக் நகர். டிவி வாங்கி ஒன்பது நாள். கீழ் விளிம்பிலிருந்து ஏழெட்டுக் கோடு மேலே ஏறியிருந்தது. மெனுவிலும் கோடு. பக்கத்து மேஜையில் நீல நிறக் கண்ணாடி கிளீனர் பாட்டில், அருகில் ஈரத் துணி. நான் ஒன்றும் கேட்கவில்லை, அந்த அம்மாவே சொன்னார், "தூசியா இருந்துச்சு, லேசா அடிச்சுத் துடைச்சேன்." அடித்த தண்ணீர் திரையில் வழிந்து கீழ் ஃபிரேமுக்குள் இறங்கும். பல டிவிகளில் அங்கேதான் பேனலோடு ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிமும் சிப்பும் இருக்கின்றன. ஈரம் பட்டால் ஷார்ட். இது வாரண்டியில் வராது. பேனல் மாற்றும் செலவில் கொஞ்சம் கூடப் போட்டால் இன்னொரு டிவியே வந்துவிடும். அந்த அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இல்லை. தயவுசெய்து, உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும். கைரேகை போகவில்லையென்றால் துணியைத்தான் லேசாக நனைக்க வேண்டும், திரையை இல்லை. டிவி அணைந்து சூடு ஆறிய பிறகு, அழுத்தாமல்.

அப்புறம், ஏப்ரல் மழை வரப்போகிறது. வானம் கறுத்ததும், இடி தொடங்கும் முன்பே, பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரை விட்டுவிடாதீர்கள். கரண்ட் அந்த வழியாகவும் வந்து பாக்ஸைத் தாண்டி எச்.டி.எம்.ஐ. போர்ட்டைச் சுடும். இரண்டையும் பிடுங்குங்கள்.