அடகு நகைக்கு வட்டி கட்டுவதை எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது

சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய வாரத்தில் திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கத்து நகைக்கடன் கவுண்டர்களில் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் நகையை மீட்டுக்கொண்டு போகிறவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வட்டியை மட்டும் கட்டி, அதே நகையைத் திருப்பி வைத்துவிட்டு, புதுச் சீட்டை மடித்து மஞ்சள் பைக்குள் செருகிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். ஆறு வருடம், எட்டு வருடம் இப்படியே ஓடும். ஏதோ ஒரு வருடம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொள்ளும். அந்த வருடம் வட்டிக்கும் வழியில்லாமல் போகும், நகை மூழ்கிவிடும். அசலுக்குச் சமமாக வட்டி கட்டியவருக்குக் கடைசியில் நகையும் இல்லை, நகை விற்ற பணமும் இல்லை.

பணமும் இல்லாமல் போவதைத் தடுக்க முடியும். நகையை விற்றுக் கடனை அடைத்து, வட்டி கட்டுவதை நிறுத்துவது தப்பே இல்லை. பல வீடுகளில் அது எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதுதான் தப்பு. கடன் கொடுத்தவர் அந்த மௌனத்துக்காகவே காத்திருக்கும் இடங்களும் உண்டு.

முதலில் கணக்கு

சீட்டை எடுத்துப் பாருங்கள். மொத்த எடை என்று ஒன்றும் நிகர எடை என்று ஒன்றும் இருக்கும். கல், அரக்கு, அழுக்கு என்று கழித்தது போக மிஞ்சுவது நிகர எடை. உங்கள் நகையின் விலை அதை வைத்துத்தான். கல் வைத்த அட்டிகையை எட்டுப் பவுன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்போம். சீட்டில் ஆறரைதான் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். நிகர எடை 37 கிராம். பழைய நகைக்குக் கிராமுக்கு 9,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் நகையின் மதிப்பு 3,33,000. அடகுக் கடையில் வாங்கிய அசல் ஒன்றரை லட்சம், நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 3,000, வருடத்துக்கு 36,000. அதாவது வருடத்துக்கு நான்கு கிராம். அரைப் பவுன் வருடா வருடம் வட்டியாகக் கரைகிறது. இரண்டு சம்பா போனால் ஒரு பவுன் போயிற்று. அன்றைய விலையை நீங்களே போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு மாறாது.

"தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறதே, வைத்திருந்தால் லாபம்தானே?" என்று கேட்பார்கள். ஏறுகிறதுதான். ஆனால் இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம், மூன்று வட்டி என்றால் 36. தங்கம் ஒவ்வொரு வருடமும் அதைத் தாண்டி ஏறும் என்று நம்பி வைப்பதற்குப் பெயர் சேமிப்பு இல்லை. வங்கியிலோ சொசைட்டி என்கிற கூட்டுறவுச் சங்கத்திலோ அதில் பாதிக்கும் குறைந்த வட்டியில் நகை இருக்கிறது, அடுத்த அறுவடையில் எந்தப் பணத்தைக் கொண்டு மீட்பீர்கள் என்று உங்களால் சொல்ல முடிகிறது என்றால் வைத்திருங்கள். அந்தப் பணம் எது என்று சொல்லத் தெரியவில்லையா, நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. வட்டிக்காகவே இன்னொரு நகையை அடகு வைக்கிறீர்கள் என்றால் நேரம் எப்போதோ கடந்துவிட்டது.

பித்தளை அண்டா, குத்துவிளக்கு போன்றவற்றை அடகு வைத்திருப்பவர்கள் கணக்கே போட வேண்டாம். இரண்டு மூன்று வருட வட்டியில் புதிதே வாங்கிவிடலாம்.

விற்றாலும் உபரி உங்களுடையது

சட்டப் பின்னணி நீளம், தேவையானது கொஞ்சம்தான். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆவது பிரிவுப்படி, அடகு பிடித்தவர் உங்களுக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்த பிறகே பொருளை விற்க முடியும். கடனுக்கு மேல் கிடைத்த தொகையை உங்களிடம் தந்தாக வேண்டும். 177ஆவது பிரிவு, கெடு தாண்டிவிட்டாலும் பொருள் உண்மையில் விற்கப்படும் நிமிடம் வரை பாக்கியையும் தாமதத்தால் ஏற்பட்ட செலவையும் கட்டி மீட்கலாம் என்கிறது. அடகுக் கடைகளுக்கு 1943ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகுக் கடைக்காரர் சட்டம் தனியாக இருக்கிறது. உரிமம், அடகுச்சீட்டு, பொது ஏலம் எல்லாம் அதில் வருகின்றன.

"கெடு முடிந்துவிட்டது, இனி உங்களுக்கு இதில் ஒன்றுமில்லை" என்று கடையில் சொல்வது பொய். அந்தப் பொய்யை நம்பிச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே போட்ட கணக்கில் வட்டி ஒரு வருடம் நிலுவையில் இருந்தாலும் பாக்கி 1,86,000. கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் உபரி நிற்கிறது. கடைக்காரர் ஒரு வார்த்தையில் எடுத்துக்கொள்ளப் பார்ப்பது அதைத்தான். சீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பிக் கொடுக்காதீர்கள். இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகள் போட்டது; 2026 ஏப்ரல் 1க்குள் நடைமுறைக்கு வந்தாக வேண்டும் என்பது உத்தரவு. ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகையின் நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு ஏலம் போகாமல் இருந்தால் மட்டும் 85 வரை இறங்கலாம். ஏலத் தொகை வந்த ஏழு வேலை நாட்களுக்குள் உபரியைக் கொடுத்துவிட வேண்டும். முழுக் கடனையும் கட்டிவிட்டால் நகையை அன்றைக்கே, மிஞ்சினால் ஏழு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. எடையும் தரமும் பார்க்கும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும். உரைகல்லில் தேய்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போய் எடை போட்டால் கூடவே போங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: புது விதிக்கு முன் வாங்கிய கடனுக்குப் பழைய விதிதான்.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்

எல்லா நகையையும் ஒரே கடனில், ஒரே பொட்டலத்தில் வைப்பதுதான் முதல் பொறி. பிறகு ஒரு ஜோடி வளையலை மட்டும் மீட்டு விற்று மிச்சக் கடனைக் குறைக்கலாம் என்றால் கவுண்டரில் "முழுவதும் கட்டுங்கள்" என்பார்கள். வைக்கும்போதே இரண்டு மூன்று கடனாகப் பிரித்து வையுங்கள். கவுண்டரில் முணுமுணுப்பார்கள், அவர்களுக்கு எழுதும் வேலை கூடுகிறது. முணுமுணுக்கட்டும்.

அடுத்தது முகவரி. குடும்பத்தோடு திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போனவரின் கடனில் பழைய வீட்டு முகவரியும், அணைந்துபோன செல்போன் எண்ணும் இருக்கும். ஏல அறிவிப்பு பூட்டிய வீட்டுக் கதவுக்கு வந்து திரும்பிப் போகும். அனுப்பினோம் என்பதற்கு அவர்களிடம் ஆதாரம் இருக்கிறது, வரவில்லை என்பதற்கு உங்களிடம் இல்லை. எண் மாறினால் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

யார் பெயரில் வைத்தார்களோ அவர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்று கேட்பார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மனு நகரும் காலமெல்லாம் வட்டி ஓடும், ஏலக் கெடுவும் ஓடும். மனு போட்ட ரசீது நகலோடு, ஏலத்தை நிறுத்தி வைக்கும்படி கடன் கொடுத்த இடத்தில் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். வயதான மாமியார் பெயரில் வைப்பதை முடிந்தவரை தவிர்ப்பது இன்னும் நல்லது.

சொசைட்டியில் ஒரே கவுண்டரில் இரண்டு விதக் கடன் இருக்கிறது. நகையை ஈடாக வைத்து வாங்கும் பயிர்க்கடன் ஒன்று, சாதாரண நகைக்கடன் இன்னொன்று. பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, தவறினால் வட்டி உண்டு. சாதாரண நகைக்கடனுக்கு அந்தச் சலுகையே கிடையாது. பயிர்க்கடனுக்கு, நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டாவும், அதில் யார் என்ன பயிரிடுகிறார் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறவருக்கு அடங்கல் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே அவர் சாதாரண நகைக்கடனுக்குத் தள்ளப்படுகிறார். பயிர்க்கடன் என்றே நினைத்துக்கொண்டு வட்டி இல்லை என்று இருந்துவிடுகிறார். ரசீதில் கடனின் வகை எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி, "தேர்தல் வருகிறது, தள்ளுபடி செய்வார்கள்" என்பது. 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியானது உண்மை. ஆனால் 40 கிராமுக்கு மேல் வைத்தவர், அரசு ஊழியர் குடும்பம், அதே ஆண்டில் பயிர்க்கடன் தள்ளுபடி பெற்ற குடும்பம் என்று விலக்குப் பட்டியல் நீண்டது. ஆராய்ந்த 48 லட்சத்துக்கும் மேற்பட்ட கடன்களில் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவை தகுதியற்றவை என்று ஒதுக்கப்பட்டன. கூடவே, தள்ளுபடிக்கு ஒரு கெடுத் தேதியும் உண்டு. அது 2021 மார்ச் 31 நிலுவையை வைத்துப் பார்க்கப்பட்டது. பேச்சைக் கேட்டுப் புதிதாக அடகு வைத்தவருக்கு ஒன்றும் வரவில்லை. அடகுக் கடைக் கடனுக்கும் தனியார் நிதி நிறுவனக் கடனுக்கும் அந்தத் தள்ளுபடி பொருந்தவே இல்லை.

நிறுத்துவது என்று முடிவெடுத்த பின்

ஏலத்துக்கு விடாமல் நீங்களே மீட்டு விற்பதுதான் நல்லது. ஏலத்தில் அறிவிப்புச் செலவும் விளம்பரச் செலவும் உங்கள் கணக்கில் ஏறும். மீட்கப் பணம் இல்லாதவர்களுக்காகத்தான் "அடகு நகையை மீட்டுத் தருகிறோம்" என்ற பலகைகள் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் தொங்குகின்றன. நல்லவர்கள் இருக்கலாம். ஆனால் நகை வெளியே வந்த கையோடு அவர்கள் தராசுக்குப் போகிறது. அங்கே எடை குறைகிறது, தரம் குறைகிறது, "சேவைக் கட்டணம்" என்று ஒன்று முளைக்கிறது. உங்கள் கடன் அவர்கள் பணத்தால் தீர்ந்துவிட்டதால் அந்த நேரத்தில் மறுத்துப் பேசவும் முடியாது. அதனால் கிராம் விலை, கழிவு, கட்டணம் மூன்றையும் அடகு இடத்துக்குப் போகும் முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வங்கிச் சீட்டில் உள்ள நிகர எடைதான் கணக்கு என்று சொல்லுங்கள். மிச்சப் பணம் வங்கிக் கணக்குக்கு வரட்டும். ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வேறு ஆள் பாருங்கள். விலைச்சீட்டு கட்டாயம்.

உறவினர் யாரேனும் ஒருநாள் கைமாற்றாகத் தந்தால் இந்தப் பலகைக்காரர்களே வேண்டாம். ஆனால் வங்கி வாசலில் நிற்கும் ஒருநாள் பணக்காரரிடம் போகாதீர்கள். அசலையும் சேர்த்துக் கட்டினால்தான் மறுபடி வைக்கலாம் என்று 2025இல் பல வங்கிகளில் கேட்டபோது, ஒரே இரவுக்கு வட்டி பிடுங்கியவர்கள் இவர்கள்தான். புது விதியில், கடன் வாராக்கடன் ஆகாமல் இருந்து, சேர்ந்த வட்டியைக் கட்டினால் புதுப்பிக்க வங்கிக்கு அனுமதி இருக்கிறது. அனுமதிதான், கட்டாயம் இல்லை. மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

இரண்டு மூன்று வட்டிக் கடையிலிருந்து வங்கிக்கு மாற்றுவதும் ஒருவகை நிறுத்தம்தான். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை வங்கி தரலாம். வட்டியையும் சேர்த்து ஒரே தவணையில் கட்டும் கடனில் அந்த 85 முடிவில் கட்ட வேண்டிய மொத்தத் தொகைக்கு என்பதால் கையில் வருவது அதைவிடக் குறையும். பழைய கடையின் பாக்கிக்கு அது போதுமா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

உபரியைத் தராமல் இழுத்தடித்தால் எங்கே போவது என்பது கடன் கொடுத்தவரைப் பொறுத்தது. தவறான வாசலில் கொடுத்த மனு மாதக்கணக்கில் அலைந்து திரும்பி வரும். வங்கியோ பெரிய நிதி நிறுவனமோ என்றால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448. தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கம் என்றால் அங்கே போய்ப் பயனில்லை, கூட்டுறவுத் துறையின் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அடகுக் கடை என்றால் வட்டாட்சியர், நடக்காவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். மிரட்டி அநியாய வட்டி கேட்கிறார்கள் என்றால் 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ்க் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். எங்கே போனாலும் சீட்டின் நகலைக் கொடுங்கள், அசலைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "வைத்துவிட்டுப் போங்கள், கூப்பிடுகிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள்.