அழாத குழந்தையெல்லாம் சமத்துக் குழந்தை அல்ல

"ரொம்ப சமத்துங்க டாக்டர். வீட்டுல இருக்கிற எடமே தெரியாது. உக்கார வெச்ச எடத்துலயே உக்காந்திருக்கும்."

பதினான்கு மாதப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பாட்டி இதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. அவர்கள் வந்தது இருமலுக்காக. நான் திருப்பூர் வட்டாரத்தில் குழந்தைகள் மருத்துவராக இருக்கிறேன். இருமலைவிட அந்தச் 'சமத்து' என்ற சொல்தான் என்னை உறுத்தியது.

அந்த வயதுக் குழந்தை புது இடத்துக்கு வந்தால் என்னைப் பார்த்து வீறிட்டு அழ வேண்டும். இல்லையென்றால் பாட்டியின் தோளில் முகம் புதைக்க வேண்டும். சில குழந்தைகள் எட்டி என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ளும். இவள் எதுவும் செய்யவில்லை. ஸ்டெதஸ்கோப்பை அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டாள். கீழிமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வெளிறிக் கிடந்தது. எடை 7 கிலோ 200 கிராம். அந்த வயதுப் பெண்குழந்தைக்குச் சராசரியாக ஒன்பதரை கிலோவை ஒட்டி இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9 வந்தது. குறைந்தது பத்தரையாவது இருந்திருக்க வேண்டும்.

"என்ன சாப்பிடுறா?"

"பால்தானுங்க. நாளைக்கு அஞ்சு ஆறு பாட்டில் குடிச்சிரும். அப்பப்ப டீயில வர்க்கி நனைச்சுக் குடுப்போம். சோறுன்னாத்தான் கஷ்டம்."

தாய்ப்பால் மட்டுமே போதுமென்பது முதல் ஆறு மாதத்துக்குத்தான். தாயின் வயிற்றில் இருந்தபோது குழந்தை சேர்த்துவைத்த இரும்புச்சத்து ஏறக்குறைய அந்தச் சமயத்தில் கரைந்துவிடும். அதன்பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். மாட்டுப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஐந்து பாட்டில் உள்ளே போனால் வயிறு நிறைந்துவிடும், மற்ற உணவுக்கு இடமிருக்காது. டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருளோ, கொஞ்சநஞ்சம் கிடைக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாது. இந்த வீட்டில் யாரும் குழந்தையைப் பட்டினி போடவில்லை. நாள் முழுக்க ஏதோ ஒன்று அவள் வாய்க்குள் போய்க்கொண்டுதான் இருந்தது.

இது ஒரு வீட்டுக் கதையும் அல்ல. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நால்வரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

ரத்தசோகை என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது சோர்வும் வெளிறலும்தான். குழந்தைக்கு அது மூளையில் நடக்கும் விஷயம். இரண்டு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் ஏறக்குறைய எண்பது விழுக்காட்டை எட்டிவிடுகிறது. நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் உறை படர்வதற்கும், ஆர்வத்தைத் தூண்டும் டோபமின் போன்ற மூளை வேதிப்பொருள்கள் சரியாக வேலை செய்வதற்கும் இரும்புச்சத்து வேண்டும். அது குறைந்தால் குழந்தை மந்தமாகிறது. தவழ்ந்து போய் எதையும் இழுத்துப் போடுவதில்லை, சிரிப்பு குறைகிறது, எப்போதும் யார் மடியிலாவது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து நடப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. துறுதுறுவென்று இருக்கும் குழந்தையிடம் வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். "அதை எடுக்காதே", "இங்க வா", "அய்யோ கொட்டிட்டியா" என்று திட்டுவதுகூடப் பேச்சுதான். குழந்தைக்கு அதுவும் மொழிப் பாடம். மந்தமாக உட்கார்ந்திருக்கும் குழந்தையை யாரும் கூப்பிடுவதில்லை, கூப்பிட வேண்டிய தேவையே வருவதில்லை. சத்துக் குறைவால் குழந்தை அமைதியாகிறது, அமைதியாக இருப்பதால் கவனிப்பும் குறைகிறது, கவனிப்பு குறைவதால் கற்பது இன்னும் குறைகிறது. கோஸ்டாரிகாவில் பெட்ஸி லோசோஃப் என்ற குழந்தைகள் மருத்துவரின் குழுவினர் ரத்தசோகை உள்ள கைக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு நீடித்திருந்த குழந்தைகள், மருந்து கொடுத்து ரத்தம் தேறிய பிறகும், ஐந்து வயதுச் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். ஆகவே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைப்பதில்லை.

பாட்டி வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் இட்லி கொண்டுவந்திருந்தார். "எப்படி ஊட்டுவீங்களோ அப்படியே இங்க ஊட்டுங்க பாக்கலாம்" என்றேன். அவர் செல்போனை எடுத்து ஒரு கார்ட்டூனைப் போட்டுக் குழந்தையின் முழங்காலில் சாய்த்து வைத்தார். குழந்தையின் கண் திரையில் நிலைத்தது. வாய் தானாகத் திறந்தது. ஒரு வாய், இரண்டு வாய், ஐந்து வாய். மெல்லுவதுகூட இல்லை; சர்க்கரையும் பாலும் விட்டுக் குழைத்திருந்ததால் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. பாட்டியின் முகத்தை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. போனை அணைக்கச் சொன்னேன். வாய் மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா டாக்டர், செல்லு இல்லீன்னா வாயே தொறக்க மாட்டீங்குது."

போனை வைத்தால் வயிற்றுக்குள் உணவு போய்விடுகிறது, உண்மைதான். ஆனால் பசிக்கிறதா, போதுமா என்று தன் வயிறு சொல்வதைக் கேட்கக் குழந்தை கற்றுக்கொள்வதில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைப் பார்ப்பதில்லை. 'ஆ' காட்டினால் தானும் 'ஆ' காட்டுகிற அந்த விளையாட்டு நடப்பதில்லை. ஒரு குழந்தை நாளைக்கு நான்கைந்து வேளை சாப்பிடுகிறது. ஒரு வேளைக்கு இருபது நிமிடம் என்றாலும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வரும். ஒரு பெரியவர் அவளை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்திருப்பது வேலை நிறைந்த வீட்டில் அந்த நேரம் மட்டும்தான். ஊட்டுதல் என்ற ஒரே சொல்லைச் சோற்றுக்கும் அறிவுக்கும் அன்புக்கும் சேர்த்துப் புழங்குகிற மொழி நம்முடையது. அதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை.

ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87இல் சாலி கிரந்தம்-மெக்ரிகர் தொடங்கிய ஆய்வை என்னிடம் வரும் பெற்றோரிடம் அடிக்கடி சொல்கிறேன். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. இன்னொன்றுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, பழைய டப்பா, அட்டை, மூடி போன்றவற்றில் செய்த பொம்மைகளை வைத்துத் தாயும் குழந்தையும் எப்படி விளையாடலாம், பேசலாம் என்று ஒரு மணி நேரம் காட்டிக் கொடுத்தார். மூன்றாவது குழுவுக்கு இரண்டும், நான்காவதற்கு எதுவும் இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் உணவும் பலன் தந்தது, விளையாட்டும் பலன் தந்தது. இரண்டும் கிடைத்த குழந்தைகள்தான் வளர்ச்சி குன்றாத குழந்தைகளை ஏறக்குறைய எட்டிப்பிடித்தார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்தது. அந்தப் பொம்மைகளுக்கு ஆன செலவு அற்பம்.

இன்னொன்று, இதைவிடப் பழையது. அதிலிருந்தவர்கள் நான்கு வயது முதல் பதினான்கு வயது வரையிலானவர்கள் என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. போருக்குப் பின் 1948இல் ஜெர்மனியில் இரண்டு அனாதை இல்லங்களில், ரேஷனுக்கு மேல் கூடுதலாக ரொட்டி கொடுத்தால் குழந்தைகள் எவ்வளவு தேறுகிறார்கள் என்று பிரிட்டிஷ் ஊட்டச்சத்து ஆய்வாளர் எல்ஸி விட்டோசன் பார்க்க நினைத்தார். ஆறு மாதம் கழித்து ஓர் இல்லத்துக்கு மட்டும் ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அங்குள்ள குழந்தைகளின் எடை எதிர்பார்த்தபடி ஏறவில்லை. கூடுதல் உணவு கிடைக்காத இல்லத்தில்தான் அதிகம் ஏறியது. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது: அதே சமயத்தில், கண்டிப்பான ஒரு மேற்பார்வையாளர் கூடுதல் உணவு கிடைக்காத இல்லத்திலிருந்து, அது கிடைத்த இல்லத்துக்கு மாறிப் போயிருந்தார். சாப்பாட்டு வேளையில்தான் அவர் குழந்தைகளை எல்லார் முன்னிலும் நிறுத்தித் திட்டுவார். அதுவரை சூப் ஆறிப்போகும், அழுதுகொண்டே சாப்பிட உட்காருவார்கள்.

மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றும் வீடுகளையும், "முழுங்கு, இல்லீன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போடச் சொல்லிருவேன்" என்று மிரட்டும் வீடுகளையும் பார்க்கும்போது எனக்கு அந்த இல்லம்தான் நினைவுக்கு வருகிறது. தயவுசெய்து என் பெயரைச் சொல்லி ஊட்டாதீர்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது.

அந்தப் பாட்டியிடம் நான் அதிகம் சொல்லவில்லை. நிறையச் சொன்னால் எதுவும் வீடுவரை போய்ச் சேராது. பால் இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம், அதுவும் பாட்டிலில் வேண்டாம். டீ கூடவே கூடாது. இரும்புச்சத்து மருந்தை எழுதிக் கொடுத்தேன். பருப்புச் சோறு, ராகிக் களி, முட்டை, வாரம் இரண்டு நாள் ஆட்டு ஈரல் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம்; கூடவே ஒரு துண்டு கொய்யாவோ சில சொட்டு எலுமிச்சையோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமே தவிர எடையை ஏற்றாது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைப் பற்றிக் கேட்டேன். உருண்டை பிடித்துப் பள்ளிக்குப் போகும் பெரிய பேரனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். "அது இவ பங்குங்க பாட்டி" என்றேன். சிரித்தார்.

பிறகு, போன் வேண்டாம். அவளுக்கென்று ஒரு தட்டு, எதிரே நீங்கள். இட்லியை அவளே பிய்க்கட்டும், பாதி தரையில் போகும், போகட்டும். தலையைத் திருப்பினால் கொஞ்ச நேரம் விடுங்கள், மறுபடி கேளுங்கள், அப்போதும் திருப்பினால் எடுத்துவிடுங்கள்.

"மூணு நாளைக்கு ஒண்ணும் சாப்பிடாம கெடந்தா?" என்று கேட்டார். நியாயமான பயம். முதல் சில நாள் குறையத்தான் செய்யும், ஒரு வாரம் கழித்துக் கூட்டி வந்து எடை பாருங்கள், நானும் கூட இருக்கிறேன் என்றேன்.

அடுத்த முறை அம்மா வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஒன்றரை ஷிப்ட். அவர் வீட்டுக்கு வரும்போது குழந்தை பெரும்பாலும் தூங்கியிருக்கும். குற்றவுணர்வோடுதான் பேச ஆரம்பித்தார். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்ணிடம் "குழந்தையோடு நேரம் செலவிடுங்கள்" என்று சொல்வது எளிது. அந்த நேரத்தை அவருக்கு யார் தருவார்கள்? தாய் வேலைக்குப் போகும் இடத்தின் பக்கத்திலேயே நல்ல குழந்தைகள் காப்பகம் இருப்பது, என் கண்ணில், தடுப்பூசிக்கு இணையான சுகாதாரத் தேவை. காலையில் குளிப்பாட்டும் பத்து நிமிடத்தைக் கேட்டேன். "இது கை, இது காலு, தண்ணி சுடுதா?" என்று பேசிக்கொண்டே குளிப்பாட்டச் சொன்னேன். அதை அவரால் செய்ய முடிந்தது.

மூன்று மாதம் கழித்து எடை 8 கிலோ 300. ஹீமோகுளோபின் 10.6. இரவில் பாட்டில் பழக்கம் இன்னும் போகவில்லை. அம்மா களைத்துப்போய் வரும் நாட்களில் போனும் வெளியே வந்துவிடுகிறது என்று பாட்டி ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று குழந்தை அறைக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து அழுத அழுகையில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பாட்டிக்குச் சங்கடம்.

"முன்ன எப்படி சமத்தா இருந்தா… இப்ப பாருங்க டாக்டர், ஒரு எடத்துல உக்கார மாட்டீங்குது. அரிசி டப்பாவெல்லாம் இழுத்துக் கொட்டிப் போடுறா."

கொட்டினால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்றது? 'எடுத்துப் போடு கண்ணு'ன்னா அவளும் 'போது, போது'ங்கறா."