பூ ஓவியத்தில் இலை ஏன் நீலமாகிறது?

ஒரு மூதாட்டி தம் வீட்டுப் பூ ஓவியத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, ஆம்ஸ்டர்டாமில் நான் பழைய ஓவியங்களைச் சீர்செய்யும் பட்டறைக்கு வந்தார். 18ஆம் நூற்றாண்டு டச்சு எண்ணெய் ஓவியம். வரைந்தவர் கையெழுத்து இல்லை. “இலையெல்லாம் நீலமாகிவிட்டது. அழுக்குதான் என்று வெங்காயத்தை நறுக்கித் தேய்த்தேன், போகவில்லை” என்றார். எனக்கு நெஞ்சு பதைத்தது.

போகாது, ஏனென்றால் அது அழுக்கே அல்ல. அன்றைய ஓவியர்களிடம் நிலைத்து நிற்கும் பளிச்சென்ற பச்சை நிறமி அதிகம் இல்லை. செடிகளிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தை நீலத்தோடு கலந்தோ, நீலத்தின் மேல் மெல்லிய படலமாகப் பூசியோதான் இலைக்குப் பச்சை கொடுத்தார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சள் வெளுத்துவிடும். நீலம் மட்டும் நிற்கும். டச்சு ஓவியர் யான் வான் ஹாய்சும் 1736–37இல் வரைந்த பூச்சாடி ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது; அதிலும் இலைகள் இப்படி நீலமாகியிருக்கின்றன. பூக்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த அந்த மனிதர் நீல இலையை வேண்டுமென்று தீட்டவில்லை.

மஞ்சள் பூக்களுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அவற்றுக்குப் பயன்பட்ட நிறமிகளில் ஒன்று அரிதாரம். கூத்துக்கு முகத்தில் பூசுவதை இன்றும் அந்தப் பெயரால்தான் சொல்கிறோம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. வெளிச்சத்தில் சிதைந்து, அதிலுள்ள ஆர்சனிக் ஓவியத்தில் இருக்கும் ஈயத்தோடு சேர்ந்து நிறமற்ற உப்பாகிவிடும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் உள்ள, 17ஆம் நூற்றாண்டு ஓவியர் ஆபிரகாம் மிக்னோனின் ஓவியம் ஒன்றில் மஞ்சள் ரோஜா இப்படித்தான் இதழ் மடிப்புகளை இழந்து தட்டையாகிவிட்டது. 2022இல் வெளியான ஆய்வு, அந்த மடிப்புகள் எங்கெங்கே இருந்தன என்பதை எக்ஸ்ரே கதிர்களால் தேடிக் கண்டது.

மூதாட்டியின் ஓவியத்தை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரு சிவப்பு இதழின் மேல் பனித்துளி. துளிக்கு உருவம் தருவது அதன் ஓரத்தில் ஓடும் முடியளவு பழுப்பு நிழல். மேலே ஈய வெள்ளையில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். வெங்காயம் பட்ட இடத்தில் நிழலைக் காணோம். வெறும் வெள்ளைப் புள்ளி மட்டும் நின்றது. ஈரமும் விரிசல் வழியே இறங்கி, அடிப்பூச்சு உப்பி, இரண்டு இடங்களில் வண்ணம் செதிலாகத் தூக்கி நின்றது.

நாங்கள் குச்சியில் பஞ்சைச் சுற்றி, எச்சிலில் நனைத்து உருட்டுவோம். எச்சிலில் உள்ள நொதிகள் மேலேறிய அழுக்கை இளக்கும். பஞ்சை ஒருபோதும் தேய்ப்பதில்லை. ஒவ்வோர் உருட்டலுக்குப் பிறகும் பஞ்சைப் பார்ப்போம். இம்மியளவு நிறம் ஏறியிருந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவோம். உங்கள் வீட்டில் பழைய எண்ணெய் ஓவியம் இருந்தால் வெங்காயம், உருளைக்கிழங்கு, ஈரத்துணி எதையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். வண்ணம் உதிர்கிறதென்றால் தூசிகூடத் தட்ட வேண்டாம். ஓவியத்தைப் படுக்கவைத்து, வல்லுநரை அழையுங்கள்.

“இலையை மறுபடி பச்சையாக்க முடியுமா?” என்று மூதாட்டி கேட்டார். வெளுத்த சாயம் திரும்பாது. மூல வண்ணத்தின் மேல் நான் பச்சை பூசவும் மாட்டேன். தூக்கி நின்ற செதில்களைப் பசையால் படியவைத்தேன். ஓவியம் எங்கே தொங்குகிறது என்று விசாரித்தபோது, தெற்குப் பார்த்த பெரிய ஜன்னலுக்கு நேர் எதிரே என்றார். இப்போது அது வெயில் எட்டாத உள்சுவரில் இருக்கிறது.