ஊளம்பாறை என்று பிள்ளையை மிரட்டாதீர்கள்

போன வாரமும் ஒரு அம்மா, களியக்காவிளைப் பக்கம். மகளுக்கு 22 வயது. காதில் குரல் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. மந்திரவாதி மூன்று பேரைப் பார்த்தாயிற்று, கையில் ஏழெட்டுக் கயிறு. நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டரே, ஊளம்பாறைக்கு மட்டும் எழுதாண்டாம். எம் பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் நடக்காண்டாமா?" என்றார். ஊளம்பாறை என்றால் திருவனந்தபுரத்து மனநல ஆஸ்பத்திரி.

இரண்டு வருடம்! மருந்துக்குக் கட்டுப்படுகிற நோயை இப்படி முற்றவிட்டுக் கொண்டுவருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம், கோழிக்கோட்டுக்காரர்களுக்குக் குதிரவட்டம், நமக்கு ஊளம்பாறை. 1956 வரை குமரி மாவட்டத்துக்குத் திருவனந்தபுரம்தானே தலைநகர். சோறு தின்ன அடம்பிடிக்கிற குழந்தையைக்கூட அந்தப் பெயர் சொல்லித்தான் மிரட்டுகிறோம்.

ஊளம்பாறை ஆஸ்பத்திரி தொடங்கியது 1870-ல். கீழ்ப்பாக்கத்துக்கு ஆஸ்பத்திரி போனது 1871-ல், குதிரவட்டம் 1872-ல். அன்றைக்கு, இல்லாத குரல் காதில் கேட்கிற மனச்சிதைவு நோய்க்கு மருந்தே கிடையாது. அதற்கான முதல் மருந்து குளோர்புரோமசின் வந்ததே 1950-களில்தான். அதுவரைக்கும் டாக்டர் கையில் இருந்தது கட்டடம் ஒன்றுதான். அதனால்தான் அந்தக் காலத்து மனநல விடுதிகளை ஊருக்கு வெளியே மதில் எழுப்பி, ஒற்றை அறை அறையாகக் கட்டினார்கள். ஆளை வைத்துக்கொள்ளக் கட்டிய இடம் அது. பெரும்பாலும் மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டுச் சேர்க்கிற 1912-ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. போலீஸ், கோர்ட்டு என்ற பயம் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். பாட்டி பயந்த அதே மதிலுக்கு இன்று பேத்தியும் பயப்படுகிறாள்.

"உள்ளே போனா வெளியே வர முடியாது" என்று இன்னொரு தரம் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம். தானாக வந்து சேர்ந்தவர் வீட்டுக்குப் போகிறேன் என்றால் விட்டாக வேண்டும். டாக்டருக்குக் கவலை இருந்தால் 24 மணி நேரம் வைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். தானே முடிவெடுக்க முடியாதவரை வீட்டார் சேர்த்தாலும் முதலில் 30 நாள் வரைதான். சங்கிலி போடக்கூடாது. மயக்க மருந்து கொடுக்காமல் கரண்ட் சிகிச்சை தரக்கூடாது.

வீட்டுப் பின்கட்டில் கட்டிப்போட்ட பிள்ளைக்கு இந்தக் கண்காணிப்பு எதுவும் இல்லை. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியோடு கிடந்து தீயில் கருகி 28 பேர் செத்தார்களே, அது ஒரு தனியார் காப்பகம்.

இன்னொன்று. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அட்மிஷனே தேவைப்படுவதில்லை. அந்தப் பெண்ணையும் மாத்திரை எழுதி வீட்டுக்குத்தான் அனுப்பினேன்.

ராத்திரி தூங்காமல் தனியே பேசுகிறாளா, யாரோ கொல்ல வருவதாகச் சொல்கிறாளா? உடனே கூட்டி வாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே இருக்கிறது. கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டாமென்று நான் சொல்லவே இல்லை, மாத்திரையும் கொடுங்கள். சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நேரில் வரத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.