லேக்: சுணக்கமா, திக்கலா, பின்தங்கலா?

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் அக்கா மகன் கணினி கேம் பற்றி இரண்டு மாதமாக ஒரே புலம்பல். "மாமா, லேக் ஆகுது, விளையாடவே முடியல." வீட்டில் ஏற்கெனவே நல்ல ஃபைபர் இணைப்பு இருந்தது. அக்காவிடம் அடம்பிடித்து அதைவிட வேகமான திட்டத்துக்கு மாற வைத்தான், புது ரவுட்டரும் வந்தது, லேக் மட்டும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனபோது அவன் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். மானிட்டரின் வயர் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, அதற்கு மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் செருகியிருந்தது. அத்தனை வெள்ளி கொடுத்து வாங்கிய கார்டு சும்மா கிடக்க, பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராபிக்ஸ்தான் மூச்சு வாங்க வாங்கப் படம் வரைந்துகொண்டிருந்தது. வயரை மாற்றிச் செருக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். "லேக்" என்றதும் யாருக்கும் இணையம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே இளையர்கள் அந்த ஒரு சொல்லால் குறைந்தது மூன்று வேறு கோளாறுகளைச் சொல்கிறார்கள், மூன்றுக்கும் மருந்து வேறு. வயிற்றுவலிக்கும் பல்வலிக்கும் "வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக்கடையில் நின்றால் என்ன கிடைக்குமோ அதுதான் அக்காவுக்குக் கிடைத்தது. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

ஆங்கிலத்தில் இது பழைய சொல். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயர்ச்சொல்லாக வந்தபோது கடைசியாக வருபவனைக் குறித்தது. மெல்லப் போவது, பின்னால் தங்கிவிடுவது என்ற வினைப்பொருள் அதை ஒட்டி வந்தது. மூலம் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவில்லை, ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நார்வே மொழியில் மெல்லப் போவதற்கு "லக்கா" என்று ஒரு சொல் உண்டு. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி ஆள்தான். ஒருவன் கடைசி என்றால் அவனுக்கு முன்னால் வேறு யாரோ போயிருக்க வேண்டும். ஆக லேக் என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டிய கேள்வி, எது எதற்குப் பின்னால் வருகிறது?

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. "தாமதம்" எல்லாருக்கும் தெரிந்தது, அது வடமொழியின் தாமசத்திலிருந்து வந்தது, சத்துவம் ராஜசம் தாமதம் என்று முக்குணங்களில் சொல்வோமே அதே தாமதம்தான், சோம்பலும் மந்தமும் சேர்ந்த குணம். "பின்னடைவு" என்று சில மென்பொருள்களில் மொழிபெயர்த்திருக்கிறார்கள், எனக்கு ஒப்பவில்லை. அது தேர்தல் செய்தியில் வேட்பாளருக்கு வருவது, முன்னேறியவன் சறுக்கினால் பின்னடைவு. அப்புறம் தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் இரண்டு நல்ல சொற்கள் இருக்கின்றன. இரும்பைக் காந்தமாக்கும்போது காந்தமாதல் காந்தப்புலத்துக்குப் பின்னால் வருவதை "காந்தத் தயக்கம்" என்பார்கள். மின்தூண்டி உள்ள மாறுதிசைச் சுற்றில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடக் கால் சுற்று "பின்தங்கி" இருக்கும் என்பார்கள். இந்தப் பின்தங்கல் நமக்குப் பிறகு வேண்டியிருக்கும், வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் எடுக்கும் சொல் சுணக்கம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் "பணிகளில் சுணக்கம்" என்று படித்திருப்பீர்கள், எழுத்துத் தமிழில் அது கொஞ்சம் அலுவலக வாடை உள்ள சொல்லாகிவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் வீட்டுப் பேச்சு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் புளோக்கில் ஒரு யாழ்ப்பாணத்துப் பாட்டி இருந்தார், வெள்ளிக்கிழமை தவறாமல் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலுக்குப் போவார். பேரன் பள்ளி முடிந்து பிந்தி வந்தால் "ஏன் பிள்ளை இவ்வளவு சுணக்கம்?" என்பார். கடைக்கு அனுப்பினால் "சுணங்காமல் வா" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்ததால் எனக்கு இது அகராதிச் சொல்லாகவே தெரிந்ததில்லை. சங்கப் பாடல்களில் வரும் "சுணங்கு" வேறு பொருள், தலைவியின் மேனியில் படரும் தேமல், அதை வேங்கைப் பூவோடு ஒப்பிட்டுப் பாடியிருக்கிறார்கள். இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம். நமக்கு வேண்டியது சோர்வதும் தாமதிப்பதுமாகிய வினை, சுணங்குதல். போனவன் திரும்பி வர நேரமாவது.

இணையத்தில் நடப்பது அச்சு அசலாக அதுதான். உங்கள் கணினி ஒரு தகவலைச் சர்வருக்கு அனுப்புகிறது, அது போய்த் திரும்பி வரும் நேரத்தை அளக்கிறோம், அதற்குப் பெயர் பிங். அந்தப் பெயரையும் சொல்லிவிடுகிறேன். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும்போது எழுதிய சின்ன நிரல் அது. கடலுக்கடியில் சோனார் கருவி ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்குமே, அந்த ஓசையைத்தான் பெயராக வைத்தார். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு, தென்கிழக்காசியாவுக்கான கேம் சர்வர்கள் பல இங்கேயே இருக்கின்றன, ஆகவே வீட்டிலிருந்து பிங் பத்து மில்லிவினாடிக்குள்கூட வரும். சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன் எங்களோடு இதே சர்வரில் விளையாடும்போது அவனுக்கு அது கிடைக்காது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002 முதல் ஓடும் ஐ-டு-ஐ கடலடிக் கேபிளின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போக வர 6,400 கிலோமீட்டர், ஆக 32 மில்லிவினாடி ஒளிக்கே வேண்டும், வழியில் உள்ள கருவிகள் எடுத்துக்கொள்வது தனி. அவன் உலகத்திலேயே விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டை வாங்கினாலும் அந்த 32 குறையாது. இதுதான் சுணக்கம். டிஸ்பிளே செட்டிங்ஸில் இதற்கு எதுவும் செய்ய முடியாது. வைஃபைக்குப் பதில் லேன் வயர் போடலாம், ரவுட்டரை வீட்டின் பாம் ஷெல்டருக்குள் (குண்டுத் தடுப்பு அறை) வைத்து இரும்புக் கதவைச் சாத்தியிருந்தால் முதலில் அதை வெளியே எடுக்கலாம்.

இரண்டாவது கோளாறு என் அக்கா மகனுக்கு வந்தது. பிங் எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் படம் நின்று நின்று போகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டட்டர் என்று தனிச்சொல்லே உண்டு, பேச்சு திக்குவதற்கு உள்ள அதே சொல். தமிழில் நமக்குத் "திக்கல்" தயாராக இருக்கிறது, திக்கித் திணறி என்று சொல்லாதவர் யார். இங்கே பின்னால் வருவது படம், முன்னால் போவது கடிகாரம். வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனித்தனிப் படம், வேண்டும் என்றால் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லிவினாடிக்குள் கார்டு வரைந்து முடிக்க வேண்டும், 144 வேண்டும் என்றால் 6.9க்குள். முடிக்கவில்லை என்றால் பழைய படமே திரையில் நிற்கும், கண் அதைத் திக்கலாகப் பார்க்கும். சராசரியை நம்பாதீர்கள். சராசரி 90 என்று காட்டிக்கொண்டே நடுவில் ஒரு பிரேம் 50 மில்லிவினாடி எடுத்தால் சரியாக அந்த நேரத்தில்தான் எதிரி மூலையிலிருந்து வருவான். அதனால்தான் கார்டுகளைச் சோதிப்பவர்கள் மிக மோசமான ஒரு சதவீதப் பிரேம்களின் எண்ணையும் தனியாகப் போடுகிறார்கள், நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

திக்கலுக்கு மருந்து செட்டிங்ஸில்தான் இருக்கிறது. பிரிதிறனை எடுத்துக்கொள்ளுங்கள். 1920×1080 என்றால் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் படப்புள்ளி, 4கே என்றால் 82 லட்சத்து 94 ஆயிரம், சரியாக நான்கு மடங்கு. கார்டு நடுத்தரமானது என்றால் 4கே ஆசையை விடுவது நல்லது. அடுத்து நிழல். நிழலின் தரத்தை ஒரு படி இறக்கினால் பல கேம்களில் நிம்மதி கிடைக்கும், போட்டி விளையாட்டில் யாரும் நிழலின் அழகை நின்று ரசிப்பதில்லை. டெக்ஸ்சர், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படம், வேறு கதை, அது கார்டின் சொந்த நினைவகத்தைப் பொறுத்தது. நினைவகம் போதுமானால் உயர்வாக வைத்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது, போதாவிட்டால்தான் விட்டு விட்டுத் திக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் விண்டோஸின் டிஸ்பிளே பகுதிக்குள் கிராபிக்ஸ் என்ற இடத்துக்குப் போய், அந்தக் கேமுக்கு "ஹை பர்ஃபாமன்ஸ்" தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அது சின்ன கிராபிக்ஸையே பிடித்துக்கொண்டிருக்கலாம். இன்னொன்று நம் ஊர் வெக்கை. பிற்பகல் மூன்று மணிக்கு ஏர்கான் போடாத அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து விளையாடினால், சூடு வரம்பைத் தொட்டதும் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திக்குகிறது என்று யார் சொன்னாலும் நான் கேட்பது அறை எப்படி, மேசை எப்படி என்பதைத்தான்.

இன்னும் ஒன்று, இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். சிம் லிம் ஸ்குவேரில் தேடித் தேடி, வினாடிக்கு 144 முறை படத்தை மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவந்து, விண்டோஸில் அது 60லேயே நிற்பதைக் கவனிக்காமல் மாதக் கணக்கில் விளையாடுகிறார்கள். டிஸ்பிளே பகுதியில் "அட்வான்ஸ்டு" உள்ளே புதுப்பிப்பு வீதம் என்று ஒரு வரி இருக்கும், அதை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

மூன்றாவதுதான் நுட்பமானது. பிங் நன்றாக இருக்கிறது, படமும் வழுக்கிக்கொண்டு போகிறது, ஆனால் மௌஸை நகர்த்தினால் குறி கொஞ்சம் கழித்துத்தான் நகர்கிறது, ரப்பர் போட்டு இழுத்த மாதிரி. இங்கே முன்னால் போவது உங்கள் கை, பின்னால் வருவது திரை. இதற்குத்தான் பாடநூலிலிருந்து எடுத்துவைத்த "பின்தங்கல்". மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்குவதுபோலத் திரை கைக்குப் பின்தங்குகிறது, இரண்டும் ஒரே தாளத்தில்தான் ஓடும், ஒன்று கொஞ்சம் பிந்தி வரும்.

பல நேரம் இதற்குக் காரணம் வி-சிங்க். அது கெட்டது இல்லை, ஒரு நல்ல காரியத்துக்காக வந்ததுதான். திரை ஒரு படத்தை மேலிருந்து கீழாக வரைந்துகொண்டிருக்கும்போதே கார்டு அடுத்த படத்தைத் தள்ளிவிட்டால், மேல்பாதி பழையதும் கீழ்ப்பாதி புதியதுமாகப் படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரியும். துணி கிழிந்த மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் டேரிங், தமிழில் "கிழிசல்" என்று தயங்காமல் சொல்லலாம். வி-சிங்க் இந்தக் கிழிசலைத் தைக்கிறது. எப்படி என்றால், முடிந்த படத்தைத் திரையின் அடுத்த சுற்று வரை பிடித்து வைக்கிறது. அந்தக் காத்திருப்புதான் கைக்கு உறைக்கிறது. அதோடு பிராசசர் முன்கூட்டியே சில பிரேம்களைத் தயார் செய்து வரிசையில் நிறுத்தும், வரிசை நீண்டால் உங்கள் கிளிக் கடைசியில் போய் நிற்கும். கார்டு நிறுவனமான என்விடியாவின் கண்ட்ரோல் பேனலில் "லோ லேட்டன்சி மோட்" என்று இருப்பது இந்த வரிசையைச் சுருக்கத்தான். அதே நிறுவனத்தின், 2020இல் வந்த ரிஃப்ளெக்ஸ் என்ற வசதி கேமுக்குள்ளேயே இருந்தால் அதையே போடுங்கள், அது இன்னும் நல்லது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. 2019இல் கொண்டுவந்த வசதிக்குப் பெயரே ஆன்ட்டி-லேக், பெயரில் லேக் இருக்கிறதே என்று பிங் குறையும் என எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், அது பின்தங்கலுக்கு மட்டும்.

ஜி-சிங்க், ஃபிரீசிங்க் உள்ள மானிட்டர் என்றால் திரையே கார்டின் வேகத்துக்கு இறங்கி வரும், கிழிசலும் இராது, காத்திருப்பும் குறையும். அப்போது பிரேம் எண்ணிக்கையைத் திரையின் வீதத்துக்குச் சற்றுக் கீழே கட்டுப்படுத்துங்கள், 144 ஹெர்ட்ஸ் என்றால் 141 என்பதுபோல. மேலே போய்விட்டால் திரையால் கூட வர முடியாது.

கார்டே நடுவில் பிரேம்களை இட்டு நிரப்பும் வசதி 2022இல் என்விடியாவின் டி.எல்.எஸ்.எஸ். 3 உடன் பரவத் தொடங்கியது. எண் இரட்டிப்பாகும், கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரியும். ஆனால் இரண்டு உண்மைப் படங்களுக்கு நடுவில் ஒன்றைச் செய்ய வேண்டுமானால் இரண்டாவது படம் வரும்வரை காத்திருக்க வேண்டுமே, ஆகவே பின்தங்கல் கூடத்தான் செய்யும். கதை சொல்லும் கேம் என்றால் தாராளமாகப் போடலாம், சுடும் போட்டி என்றால் நான் அணைத்துவிடச் சொல்வேன். எண் ஏறியும் கை கனக்கிறது என்று குழம்பிப்போனவர்கள் நிறைய. லேக் என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமம், திக்கல் போய்ப் பின்தங்கல் வந்திருக்கிறது என்றால் ஒரே வரியில் முடிந்துவிடும்.

தமிழில் சொன்னால் பிள்ளைகள் ஏற்பார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நம் புளோக்கில் மின்தூக்கி என்றுதானே எழுதியிருக்கிறது, விரைவுச்சாலை என்று செய்தியில் கேட்கிறோம், யாருக்கும் நாக்கு சுளுக்கவில்லை. கிராபிக்ஸ் கார்டை வரைகலை அட்டை என்றே எப்போதும் சொல்ல வேண்டும் என்று நான் நிற்கவில்லை, அது ஒரு பொருளின் பெயர், கடையில் கேட்டு வாங்க வேண்டியது. கோளாறின் பெயர் அப்படியில்லை. "லேக் ஆகுது" என்று துணைவினையைத் தேடுவதைவிட சுணங்குது, திக்குது, பின்தங்குது என்பது பேச்சிலும் சுருக்கம்.

கேமுக்குள் மூலையில் பிங்கையும் பிரேமையும் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு விளையாடிப் பாருங்கள். பிங் 8, பிரேம் 35 என்றால் திக்கல், செட்டிங்ஸைப் பாருங்கள், வயரையும் பாருங்கள். பிரேம் 140, பிங் 120 என்றால் சுணக்கம், கார்டைத் தொடவே வேண்டாம். இரண்டு எண்ணும் நன்றாக இருந்தும் குறி கைக்குப் பிந்தி வந்தால் பின்தங்கல், வி-சிங்க்கை முதலில் அணைத்துப் பாருங்கள்.